கஸ் ப்ரோகாப்பின் இருநூற்று முப்பத்தொன்றாவது பந்து

"எறி! திருப்பி எறி!"

எண்ணூறு பேர் ஒரே குரலில் கத்தினால் எப்படி இருக்கும் என்று லெனார்ட் ஹுடாக் அதுவரை யோசித்ததில்லை. அதுவும் தன்னைப் பார்த்துக் கத்தினால்.

அவன் முழங்கால்களுக்கு நடுவே பாப்கார்ன் வாளி இருந்தது. வாளிக்குள் ஒரு பந்து இருந்தது. வலது கையில் இருந்த ஹாட் டாக்கிலிருந்து கடுகுச் சாறு அவன் காற்சட்டை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பந்தை அவன் பிடித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. பிடித்தது வாளிதான்.

எங்கள் ஹார்லன் மில்ஸ் பேஸ்பால் மைதானத்தில், எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எதிரணிக்காரன் ஹோம் ரன் அடித்து, பந்து சுவரைத் தாண்டி நம் பலகை வரிசைக்குள் விழுந்தால், அதை யாரும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. 'உன் பந்தும் வேண்டாம், நீயும் வேண்டாம்' என்று மைதானத்துக்குள்ளேயே வீசிவிட வேண்டும். வீசாதவன் அடுத்த ஞாயிறு வந்தால், பலகையில் அவனுக்காக ஒருவரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள். அவன் நின்றுகொண்டேதான் ஆட்டம் பார்க்க வேண்டும்.

லெனார்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆட்டம் விடாமல் வருகிறவன். ஆனால் ஒரு பந்துகூட அவனுக்கு வாய்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவருக்குப் போகும், பின்னால் தூங்குகிறவர் வயிற்றில் விழும். ஒருமுறை அவன் தொப்பியிலேயே பட்டு, அடுத்த வரிசைக்காரர் மடிக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டு அலமாரியில் வைக்க ஒரே ஒரு பந்து வேண்டும் என்பதுதான் அவன் வாழ்நாள் ஆசை.

வராது வந்த ஒன்றும் இப்படியா வர வேண்டும்! டில்டன் ஊர் அணியின் டெஸ்மண்ட் லெக்ளேர் அடித்த இருநூற்று முப்பத்திரண்டாவது ஹோம் ரன் அது. ஆற்றங்கரை லீக் தொடங்கிய நாளிலிருந்து எவரும் தொடாத எண். அதற்கு முன்னால் உச்சியில் இருந்தவர் இருநூற்று முப்பத்தொன்று அடித்த கஸ் ப்ரோகாப். நாற்பத்தொரு வருடமாக அசையாத சாதனை. அந்த கஸ் ப்ரோகாப் லெனார்டின் மாமனார். லெனார்டுக்கு இடது பக்கத்தில், முட்டி இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்தில் கஸ் பந்தை அடித்தால் லீக்கே நடுங்கும் என்பார்கள். இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது, அவரைக் கண்டு நடுங்குவது லெனார்ட் மட்டும்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகியும் அவர் ஒரு தடவைகூட அவனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார். 'டிரைவர், உப்பை எடு.' 'டிரைவர், டிவியைத் திருப்பு.' லெனார்டும் பந்து ஆசைக்கு அடுத்தபடியாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

சட்டம் என்று ஒன்று இருந்தால் சந்து என்று ஒன்றும் இருக்குமல்லவா? லெனார்டின் ஜாக்கெட் இடது பையில் எப்போதும் ஒரு பழைய பந்து கிடக்கும். என்றைக்காவது நல்ல பந்து வந்தால், நல்லதை வலது பைக்குள் தள்ளிவிட்டுப் பழையதை வீசிவிடலாம். ஊருக்கு மானம், அலமாரிக்குப் பந்து. இருபத்திரண்டு வருடமாக அவன் இதைச் சுமந்தது வீண் போகவில்லை. வாளிக்குள் கைவிட்டான். பாப்கார்னோடு சேர்த்து நல்ல பந்து வலது பைக்குள் போனது. இடது பையிலிருந்து பழைய பந்து வெளியே வந்தது. வீசக் கையை ஓங்கினான்.

"நில்லு டிரைவர்!" என்றார் கஸ்.

லெனார்டின் ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"அது என் சாதனையை முறிச்ச பந்து. அதை எறியிற உரிமை எனக்குத்தான். கொண்டா இங்க."

"மாமா, உங்க தோள்பட்டை..."

"தோள்பட்டை கெடக்குது. அந்தச் சனியனை நான் கண்ணால பார்க்க மாட்டேன். கையில வை."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். லெனார்ட் பழைய பந்தை அந்தக் கையில் வைத்தான். கஸ் எழுந்தார். இடுப்பை முறுக்கி, பல்லைக் கடித்து, தன் பலத்தையெல்லாம் கூட்டி வீசினார். பந்து சுவரைத் தாண்டிப் புல்லில் விழுந்து உருண்டது. எண்ணூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஒழிஞ்சு போ!" என்று பந்து போன திசையில் ஒரு கத்துக் கத்திவிட்டு உட்கார்ந்தார். பிறகு லெனார்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "எனக்கு விட்டுக் கொடுத்தே பாரு, அங்க நிக்கிறே நீ. சபாஷ் மாப்ளே!"

லெனார்டுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து வில்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். வில்மா டில்டன் ஊரில் பிறந்தவர். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்து நாற்பது வருடமாகியும் 'டில்டன் பொண்ணு' என்ற பெயர் மட்டும் போகவில்லை. எந்த ஆட்டத்துக்கு வந்தாலும் வீட்டுக்காரரின் கிழிந்த காலுறைகளைக் கூடையில் கொண்டுவந்துவிடுவார். காலுறைக்குள் உருண்டையாக எதையோ திணித்து, குதிகால் ஓட்டையை அதன் மேல் இழுத்து வைத்துத் தைத்துக்கொண்டேயிருப்பார்.

"நல்லாத்தான் நடந்துச்சு லெனார்ட்," என்றார் தைப்பதை நிறுத்தாமல். "வலது பை மட்டும் ஏன் உப்பியிருக்கு?"

"பாப்கார்ன்," என்றான் லெனார்ட்.

"இருக்கும், இருக்கும்," என்றார் வில்மா.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து, ஏழாவதும் முடியும் சமயத்தில் லெனார்டின் மனைவி பெவர்லி ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அந்தப் பெட்டியை ஊரில் அறியாதவர் கிடையாது. கஸ் அடித்த இருநூற்று முப்பத்தொன்றாவது பந்து அதற்குள்தான் வசிக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பிக்கு முன்னால் பந்து தரிசனம்.

"இதை நான் அடிச்சது டில்டன்காரனுங்க மைதானத்துல," என்று ஆரம்பிப்பார் கஸ். "அவனுங்க வயித்தெரிச்சல் தாங்காம திருப்பி எறிஞ்சானுங்க. முட்டாப் பசங்க! என் பொக்கிஷத்தை என் கையிலயே கொடுத்துட்டானுங்க! இந்தா, இங்க தொட்டுப் பாரு. ரெண்டு குழி இருக்கா? என் மட்டையோட பல்லு பதிஞ்ச எடம். லீக்கோட செகப்பு முத்திரை எங்கேன்னு கேக்கறியா? அடிச்ச அடியில பறந்துபோச்சு!"

அதன் பிறகு உலகத்துப் பெரிய அடிக்காரர்களின் வரிசை வரும். "ரூத் எழுநூத்துப் பதினாலு. ஆரன் எழுநூத்து அம்பத்தஞ்சு. பாண்ட்ஸ் எழுநூத்து அறுபத்திரெண்டு. அப்புறம்..." என்று நிறுத்திவிட்டு, கூரையைப் பார்ப்பார். வந்தவர் 'அப்புறம் நீங்கதான் கஸ்' என்று சொன்னால்தான் காப்பி வரும். வில்மா மட்டும், "ஜப்பான்ல ஒருத்தர் எண்ணூத்து அறுபத்தெட்டு அடிச்சாராமே" என்று சொல்லிவிட்டு, காப்பி இல்லாமலே வீடு திரும்புவார்.

சாதனை முறிந்தால், ஆட்டம் முடிந்ததும் கஸ் மைதானத்துக்கு வந்து பழைய பந்தைப் புதிய பந்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று லீக் தலைவர் கேட்டிருந்தார். இதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது என்ற தைரியத்தில் கஸ் சரி என்று சொல்லியிருந்தார். அதனால்தான் பெட்டி வந்தது.

லெனார்ட் பெட்டியை வாங்கி உள்ளே பார்த்தான். பந்தின் நடுவில் மங்கலான பச்சை எழுத்து தெரிந்தது: 'கோவாக் இரும்புக் கடை. ஐந்து டாலருக்கு மேல் வாங்கினால் இலவசம்.'

அது அவன் பந்து. இடது பைப் பந்து.

"பெவ்," என்றான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இந்தப் பந்து எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுன்னா? காலையில உன் ஜாக்கெட்டைத் துவைக்கப் போட்டேன். பையில இருந்த பந்தை சமையல் மேசை மேல வச்சேன். அப்பாவும் தன் பந்தைத் துடைக்கணும்னு எடுத்து மேசை மேலதான் வச்சிருந்தார். அப்புறம் சுத்தமா இருந்ததைப் பெட்டியில வச்சேன், அழுக்கா இருந்ததை உன் பையில போட்டேன்."

"அவர் துடைச்சு முடிச்சிட்டாரா?"

பெவர்லி கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குள்ள ஃபோன் வந்துச்சு. அப்படியே வச்சிட்டுப் போயிட்டார்." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏன், உன் பையில இருந்தது இப்ப எங்க?"

"உங்கப்பா எறிஞ்சிட்டார்," என்றான் லெனார்ட். "ரொம்ப நல்லா எறிஞ்சார்."

"என்ன அங்க குசுகுசு?" என்றார் கஸ். "பெட்டியைக் கொண்டா மாப்ளே, என் பந்தைக் கொஞ்சம் பார்க்கணும் போல இருக்கு."

"கண்ணாடி மங்கியிருக்கு மாமா. துடைச்சுக் கொண்டு வரேன்."

பெட்டியை ஜாக்கெட்டால் மூடிக்கொண்டு லெனார்ட் படியிறங்கி ஓடினான். பெவர்லி பின்னாலேயே ஓடினாள்.

டில்டன் ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "லெக்ளேர் தம்பி! லெக்ளேர் தம்பி!" என்று கூப்பிட்டான். எங்கள் ஊர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் அங்கேயே அவன் கதை முடிந்திருக்கும்.

லெக்ளேர் எழுந்து வந்தான். நல்ல பையன். ஆறடி மூன்றங்குலம், முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன அண்ணே?"

"தம்பி, திருப்பி எறிஞ்சாங்களே, அந்தப் பந்து..."

"இங்கதான் இருக்கு. வாழ்நாள்ல இதை விடமாட்டேன்!"

"அது உன் பந்து இல்ல." லெனார்ட் வலது பையில் கைவிட்டான். நல்ல பந்தோடு இரண்டு பாப்கார்னும் வந்தன. "இதுதான் உன் பந்து. பாரு, பச்சைப் புள்ளி."

சாதனைப் பந்தை அடையாளம் காண, லெக்ளேர் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் நடுவர் பந்தில் பச்சைப் புள்ளி வைத்துத்தான் கொடுத்தார். லெக்ளேர் புள்ளியைப் பார்த்தான், லெனார்டைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்ப அது யாருது?"

"எங்க மாமனாருது. கொடுத்துடு தம்பி. என் குடும்பமே அதுலதான் இருக்கு."

லெக்ளேர் தலையைச் சொறிந்தான். "கொடுக்கறேன் அண்ணே. ஆனா..."

பந்தை எடுத்து வந்து நீட்டினான். அதன் குறுக்கே, நீல மையில், கட்டை விரல் தடிமனுக்கு எழுதியிருந்தது: 'டெஸ்மண்ட் லெக்ளேர். 232. உலகத்துக்கே நன்றி!'

லெனார்ட் வாங்கிக்கொண்டான். இருபத்திரண்டு வருடத்தில் கிடைத்த ஒரே பந்தையும் கொடுத்தாயிற்று. போகட்டும், மாப்பிள்ளை பட்டமாவது மிஞ்சட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான்.

முதலில் தண்ணீர். மை அசையவில்லை. பிறகு பீர். 'உலகத்துக்கே' மட்டும் அழிந்து, 'நன்றி' பளிச்சென்று நின்றது. பிறகு கைகழுவும் மருந்து. மை கரைந்து, போவதற்குப் பதிலாகப் பரவியது.

"வெளியில கொண்டா," என்று கதவைத் தட்டினாள் பெவர்லி. "என்கிட்ட நகச்சாயம் அழிக்கிற தண்ணி இருக்கு."

அதையும் ஊற்றித் தேய்த்தார்கள். பெவர்லி தேய்த்தாள், லெனார்ட் தேய்த்தான். ஐந்தாவது நிமிடம் பந்து நல்ல நாட்டுக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அதில் '232' மட்டும் இன்னும் கொஞ்சம் கருநீலமாகத் தெரிந்தது.

"இருட்டுல பார்த்தா தெரியாது," என்றாள் பெவர்லி.

"மணி மூணரை, பெவ். வெயில் கொளுத்துது."

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ரசிகப் பெருமக்களே! ஒரு மகிழ்ச்சியான செய்தி. சற்று முன் திருப்பி எறியப்பட்டது உண்மையான சாதனைப் பந்து அல்ல. உண்மைப் பந்தைப் பத்திரமாகத் தன் பையில் வைத்திருந்து, தானே நேரில் வந்து டெஸ்மண்ட் லெக்ளேரிடம் ஒப்படைத்த நம் ஊர் ரசிகர் திரு. லெனார்ட் ஹுடாக் அவர்களுக்கு லெக்ளேர் மனமார்ந்த நன்றி சொல்கிறார்! பெரிய கைதட்டல் கொடுங்கள்!"

ஒருவரும் கைதட்டவில்லை. லெக்ளேர் நல்லெண்ணத்தில்தான் சொல்லச் சொன்னான். நல்லவர்களால் வரும் கேட்டுக்கு மருந்தே கிடையாது. பந்தை ஒளித்து வைத்தது ஒரு குற்றம், எதிராளியிடமே கொண்டு போய்க் கொடுத்தது இன்னொரு குற்றம். ஒன்றுக்கு நின்றுகொண்டு ஆட்டம் பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஊரையே மாற்ற வேண்டியதுதான்.

லெனார்ட் பலகைக்குத் திரும்பி நடந்தான். இருபுறமும் வேர்க்கடலைத் தோல் பறந்து வந்தது. "துரோகி!" என்றார் ஒருவர். "என் புள்ளைங்களை நாளையிலேர்ந்து நடந்தே அனுப்பறேன்!" என்றாள் ஒரு பெண். அவன் இடத்தில் யாரோ மேல்கோட்டை விரித்துப் போட்டிருந்தார்கள்.

கஸ் எழுந்து நின்றிருந்தார்.

"நான் எறிஞ்சது எது, டிரைவர்?"

மாப்பிள்ளை போய்விட்டது. மூன்று இன்னிங்ஸ்கூட நிற்கவில்லை.

இன்னொரு பொய் சொல்லலாமா என்று லெனார்ட் நினைத்தான். வாய் வரவில்லை. ஜாக்கெட்டை விலக்கிக் கையை நீட்டினான். கஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்தரிக்காய் நிறத்தில் என்னவோ இருக்கிறதே என்று வாங்கிப் பார்த்தார். '232'ஐப் பார்த்தார். அவர் கட்டை விரல் தானாகவே அந்த இரண்டு குழிகளைத் தேடிப் போனது. போய் நின்றுவிட்டது.

வேர்க்கடலைத் தோல் எறிந்தவர்கள் கையை இறக்கினார்கள்.

"என் மட்டையோட பல்லு," என்றார் கஸ். "நாப்பத்தோரு வருஷம். இதை நானே... ஒழிஞ்சு போன்னு நானே சொல்லி எறிஞ்சேன்டா. என் கையாலயே எறிஞ்சேன்."

சிங்கம் போல இருந்த மனிதர் பலகையில் தொப்பென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். எங்கள் ஊரில் யாரும் கண்டிராத காட்சி. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

லெனார்ட் அவர் காலடியில் குந்தினான். அவனுக்குப் பந்தும் மறந்துவிட்டது, பட்டமும் மறந்துவிட்டது. பெரியவர் அழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

"தப்பு முழுக்க என்னுது மாமா. இருபத்திரெண்டு வருஷமா ஒரு பந்து கெடைக்காதான்னு ஏங்கினேன். வந்ததும் விட மனசு வரல. உங்களை ஏமாத்தணும்னு நினைக்கல. நீங்க அழுறதுக்கு, அந்த வாளியில பந்தே விழாம இருந்திருக்கலாம்."

கஸ் பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ரூத்... ஆரன்... பாண்ட்ஸ்..." என்று முணுமுணுத்தார். 'அப்புறம்' வரவேயில்லை. பெவர்லி அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். மைதானத்தில் யாரோ எதையோ அடித்தார்கள். பலகையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின் வரிசையில் வில்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். ஊசியைத் தலைக்கொண்டையில் செருகிக்கொண்டார். கஸ்ஸைப் பார்த்தார். பெரிய பெருமூச்சு ஒன்று விட்டார். பிறகு காலுறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். உள்ளே இருந்த உருண்டை அவர் மடியில் விழுந்தது. ஒரு பழைய பந்து. லீக்கின் சிவப்பு முத்திரை நேற்றுக் குத்தியதுபோல் அதில் அப்படியே இருந்தது. அதை எட்டி கஸ்ஸின் மடியில் வைத்தார்.

"அழாதீங்க கஸ், அன்னிக்கு டில்டன்ல நீங்க அடிச்சு என் மடியில வந்து விழுந்த பந்து இதுதான், நான் திருப்பி எறிஞ்சது எங்க வீட்டு நாய் வெளையாடுன பந்து, அந்தக் குழி ரெண்டும் அதோட பல்லு."